‘டூ’ எதற்காக வருகிறது?

‘டிட் யூ வென்ட்?’ என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும். சிரிப்பதற்கு நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ‘ஹீ டிட் நாட் கேம்’ என்று எழுதிய பிள்ளையின் விடைத்தாளில் சிவப்பு மை வட்டம் போடுகிறது. ‘டிட் வந்தால் அடுத்து வரும் வினை மூல வடிவில்தான் இருக்கணும், மனப்பாடம் பண்ணிக்கோ’ என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. ஏன் என்று திருப்பிக் கேட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. பதில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது ஆயிரம் ஆண்டு நீளமுள்ளது. பாதி வழியில் நம் தமிழும் அதில் வந்து சேர்ந்துகொள்கிறது.

அந்தப் பிள்ளை எழுதியதில் ஒரு நியாயம் உண்டு. நேற்று நடந்ததைச் சொல்கிறோம், ஆகவே வினைச்சொல்லில் நேற்று தெரியவேண்டும் என்று அதற்குப் பட்டிருக்கிறது. ‘கம்’ என்பதை ‘கேம்’ ஆக்கிவிட்டது. ‘டிட்’ என்ற சொல்லும் அதே நேற்றைத்தான் சுமந்து நிற்கிறது என்பதை அதற்கு எவரும் சொல்லவில்லை. அதைவிட அடிப்படையான கேள்வியும் ஒன்று இருக்கிறது. ‘யூ ஸீ’ என்றால் நீ பார்க்கிறாய். கேள்வியாக்கினால் ‘டூ யூ ஸீ?’ முன்னால் முளைத்த அந்த ‘டூ’வுக்கு என்ன பொருள்? அகராதியைப் புரட்டினால் ‘செய்’ என்கிறது. ‘நீ பார்த்தலைச் செய்கிறாயா?’ என்றா வெள்ளைக்காரர் கேட்கிறார்? (குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு விடும் ‘டூ’வுக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

முதலில் பிறப்பிலிருந்து வருவோம். பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ‘டோன்’. ஜெர்மனும் டச்சும் இன்றும் ஏறக்குறைய ‘டூன்’ என்றே சொல்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், ஐரோப்பாவிலிருந்து வட இந்தியா வரை பரவிய இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. அதன் பொருள் ‘செய்’ இல்லை, ‘வை’, ‘இடு’. கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து வந்தவைதாம் நாம் கல்லூரிகளில் புழங்கும் தீசிஸும் தீமும்: முன்னால் வைக்கப்பட்டவை. லத்தீனில் அது ‘செய், ஆக்கு’ என்று திரும்பி, ஃபேக்ட், ஃபேக்டரி போன்ற சொற்களைத் தந்தது.

சமஸ்கிருதத்தில் அந்த வேர் ‘தா’. ‘கொடு’ என்னும் தா வேறு. இது அடிவயிற்றிலிருந்து மூச்சோடு வரும் தா. அதிலிருந்து கிளைத்த சொற்களை நாம் நூற்றாண்டுகளாகத் தமிழில் வைத்துப் புழங்குகிறோம். நிதி என்பது உள்ளே வைக்கப்பட்டது. சந்தி என்பது சேர்த்து வைத்தது. பிரதானம் முன்னே வைக்கப்பட்டது. விதி வகுத்து வைக்கப்பட்டது. ஆங்கிலத்து ‘டூ’வும் தமிழ்நாட்டு நிதியமைச்சரின் நிதியும் தூரத்துச் சொந்தம் என்றால் நம்பக் கடினம்தான், ஆனால் ஒலி மாற்ற விதிகள் அப்படித்தான் காட்டுகின்றன.

விதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நமக்கு விதி என்றால் சட்டம், தலையெழுத்தும் அதுதான். ஆங்கிலத்தில் ‘டூ’வின் உடன்பிறப்பான ‘டூம்’ என்ற சொல்லும் இதே பாதையில் நடந்திருக்கிறது. இன்று டூம் என்றால் அழிவு, கேடு. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தீர்ப்பு, சட்டம் என்றே பொருள். ‘இது இப்படி’ என்று வைக்கப்பட்டது. 1086இல் முதலாம் வில்லியம் மன்னர் இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கு எடுத்த நிலக் கணக்கேடு ‘டூம்ஸ்டே புக்’ என்று பெயர் பெற்றதும் இதனால்தான்: தீர்ப்பு நாளைப் போல அதன் கணக்குக்கு மேல்முறையீடு கிடையாது. சட்டத்தில் தொடங்கித் தலையெழுத்தில் முடிந்த இரண்டு சொற்கள், ஒரே வேரிலிருந்து, ஒன்றை ஒன்று பார்க்காமலே. ‘கிங்டம்’, ‘ஃப்ரீடம்’ என்பவற்றின் வாலில் இருக்கும் ‘டம்’மும் அந்த டூம்தான்.

‘வை’ என்ற பழம்பொருள் ஆங்கிலத்துக்குள்ளேயே இரண்டு இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. உடுத்திக்கொள் என்பதற்கு ‘டான்’, தொப்பியைக் கழற்று என்பதற்கு ‘டாஃப்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. முன்னது ‘டூ ஆன்’, பின்னது ‘டூ ஆஃப்’, ஒட்டிச் சுருங்கிவிட்டன. மேலே வை, அப்பால் வை. அவ்வளவுதான்.

இனி அந்தச் சொல் பார்த்த இன்னொரு வேலை. ஆங்கிலத்தில் ‘வாக்’ என்பதற்கு ‘வாக்ட்’, ‘லவ்’ என்பதற்கு ‘லவ்ட்’ என்று ஒரு ‘ட்’ சேர்த்தால் இறந்தகாலம் கிடைக்கிறது. அந்த ‘ட்’ எங்கிருந்து வந்தது? ‘டூ’வின் இறந்தகாலம்தான் தேய்ந்து ஒட்டிக்கொண்டது என்பது பலர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பாதிரியார் கோதிக் மொழியில் பைபிளைப் பெயர்த்தார். ஆங்கிலத்தின் தூரத்து அக்கா அந்த மொழி. அதில் இறந்தகாலப் பன்மை வினைகளின் வாலில் ‘டேடும்’ என்ற நீண்ட வடிவம் தேயாமல் அப்படியே கிடைக்கிறது. ‘பூசு’ என்ற வினையோடு ‘செய்தோம்’ என்பதை ஒட்டியதுபோல. நுணுக்கங்களில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. விளக்கம் சரி என்றால், ‘லவ்ட்’ என்று சொல்லும்போதெல்லாம் நாம் ‘காதல் செய்தான்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு பழைய சொல்லாக இருந்தும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயருக்குக் கேள்வி கேட்க ‘டூ’ தேவைப்படவில்லை. வினையைத் தூக்கி முன்னால் போட்டார்கள், கேள்வி ஆகிவிட்டது. ‘கம்ஸ்ட் தௌ?’ வருகிறாய் நீ? ஜெர்மன்காரர் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறார்: ‘கொம்ஸ்ட் டு?’ மறுப்பதும் எளிது. டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஒட்டோ ஜெஸ்பெர்சன் 1917இல் வெளியிட்ட நூலில் அதன் படிகளை வரிசைப்படுத்தினார். முதலில் வினைக்கு முன்னால் ஒரு ‘நெ’. அது தேய்ந்து காதில் விழாமல் போனதும், துணைக்குப் பின்னால் ஒரு ‘நாட்’. பிறகு முன்னதை விட்டுவிட்டுப் பின்னது மட்டும்: ‘ஐ ஸே நாட்’. அதற்கும் பிறகுதான் ‘ஐ டூ நாட் ஸே’. கடைசியில் ‘டோன்ட்’. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்ற நடுப்படியில் எழுத்துப் பிரெஞ்சு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அப்படியானால் ‘டூ’ எப்படி உள்ளே நுழைந்தது? இங்கேதான் தஞ்சாவூர் உதவிக்கு வருகிறது.

பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால் ராஜராஜன் என்போம். ராஜராஜன் கல் சுமக்கவில்லை, சுமந்தவர்கள் வேறு. ‘கட்டினான்’ என்று நாம் சொல்வதில் ‘கட்ட வைத்தான்’ என்பது அடங்கியிருக்கிறது. கோயில் கல்வெட்டு அந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்காமல் ‘எடுப்பிச்ச’ என்றே சொல்கிறது. எடுத்த என்று சொல்லாமல் பிறரைக் கொண்டு எடுப்பித்த. இலக்கணத்தில் இது பிறவினை. இடைக்கால ஆங்கிலத்தில் இந்தப் பிறவினை வேலையை ‘டூ’ பார்த்தது. மன்னன் கோட்டையைக் கட்டுவித்தான் என்பதற்கு ‘டிட் மேக்’ என்று எழுதினார்கள். 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்த வில்லியம் கேக்ஸ்டன் ஒருபடி மேலே போய், சந்தேகமே வேண்டாம் என்று ‘டிட் டூ மேக்’ என்றே எழுதினார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘மன்னன் டிட் மேக்’ என்று படிப்பவருக்கு, அவன் செய்வித்தானா, தானே செய்தானா என்பது பல இடங்களில் ஒரு பொருட்டே இல்லை. கோட்டை எழும்பியது, பெயர் அவனுக்கு. இப்படிப் பட்டும் படாமலும் படித்துப் படித்து, ‘டிட் மேக்’ என்றாலும் ‘மேட்’ என்றாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் படிந்துவிட்டது. பொருள் கழன்று ‘டூ’ வெறும் கூடாக நின்றது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வர் எல்லெகார்ட் 1953இல் ‘டூ’வுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். அவர் முன்வைத்த விளக்கம் ஏறத்தாழ இதுதான்.

வேறு விளக்கமும் உண்டு. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் கெல்டிக் மொழிகள் பேசப்பட்டன. அவற்றின் வாரிசுகளான வெல்ஷிலும் கார்னிஷிலும் ‘செய்’ என்ற வினையைத் துணையாக வைத்துப் பேசும் வழக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆங்கிலம் பழகிக்கொண்டது என்று ஜான் மெக்வோர்ட்டர் போன்ற மொழியியலாளர்கள் வாதாடுகிறார்கள். கவர்ச்சியான வாதம். ஆனால் கெல்டிக் மொழிகளோடு ஆங்கிலம் பழகத் தொடங்கியது 5ஆம் நூற்றாண்டில். எழுத்தில் இந்த ‘டூ’ தென்படத் தொடங்குவது 13ஆம் நூற்றாண்டில். இடையில் இத்தனை காலம் அது பேச்சில் மட்டும் ஒளிந்திருந்தது என்று நம்பவேண்டும். எனக்குப் பிறவினைக் கதையே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது.

அந்த 13ஆம் நூற்றாண்டுத் தடயங்கள் தென்மேற்கு இங்கிலாந்தின் செய்யுள்களில் கிடைக்கின்றன. செய்யுளில் என்பதைக் கவனிக்கவேண்டும். ‘டூ’வை முன்னால் போட்டால் மூல வினையை அடியின் கடைசிக்குத் தள்ளலாம், இயைபு எளிதாக அமையும், ஓர் அசையும் நிரம்பும். தொல்காப்பியர் இடைச்சொற்களுக்குச் சொன்ன பணிகளில் இசைநிறை என்று ஒன்று உண்டல்லவா? பொருள் தராது, ஓசையை நிறைத்துவிட்டுப் போகும். ஆங்கிலப் புலவர்களுக்கு அத்தகைய ஏகார, அரோக்கள் இல்லாத குறையை ‘டூ’ தீர்த்து வைத்தது. பிறகு அதுவே அளவு மீறிப்போய், அலெக்சாண்டர் போப் 1711இல் வெளியிட்ட ‘ஆன் எஸ்ஸே ஆன் கிரிட்டிசிஸம்’ என்ற செய்யுள் நூலில் இந்த வெற்று நிரப்பலைக் கிண்டல் செய்தார். கிண்டல் செய்யும் அந்த அடியிலேயே ஒரு வெற்று ‘டூ’வைச் செருகியும் வைத்தார். குறும்புக்காரர்.

செய்யுளில் இருந்து உரைநடைக்கும் பேச்சுக்கும் வந்தபின், 16ஆம் நூற்றாண்டில் ‘டூ’ கண்ட இடத்தில் எல்லாம் நின்றது. சாதாரணமாகச் சொல்வதற்கும் ‘ஐ டூ கோ’, கேள்விக்கும், மறுப்புக்கும். கூடவே அது இல்லாத பழைய முறையும் உயிரோடு இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஒரே நாடகத்தில் இரண்டையும் பார்க்கலாம். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் பழைய பக்கம் சாய்ந்தது. பிறகு ஒரு வடிகட்டல் நடந்தது. சாதாரண வாக்கியத்தில் ‘டூ’ உதிர்ந்துபோயிற்று. கேள்வியிலும் மறுப்பிலும் வேரூன்றியது. 1700 வாக்கில் இன்றைய வழக்கம் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. ‘தெரியும்’ என்று பொருள்படும் ‘நோ’ போன்ற சில வினைகள் மட்டும் ‘ஐ நோ நாட்’ என்று கொஞ்ச காலம் முரண்டு பிடித்தன.

கேள்வியிலும் மறுப்பிலும் மட்டும் ஏன் தங்கியது? நம் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலக் கேள்வியில் காலம் காட்டும் உறுப்பு எழுவாயைத் தாண்டி முன்னால் வந்து நிற்கவேண்டும். ‘ஹீ இஸ் ஹியர்’ என்பது ‘இஸ் ஹீ ஹியர்?’ ஆகிறது. ‘யூ கேன் கம்’ என்பது ‘கேன் யூ கம்?’ ஆகிறது. பழைய ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் இந்தக் கால் இருந்தது. இடையில் வந்த நூற்றாண்டுகளில் சாதாரண வினைகள் அந்த நடமாட்டத்தை இழந்து, எழுவாய்க்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டன. இப்போது ‘ஹீ கேம்’ என்பதைக் கேள்வியாக்கவேண்டும். ‘கேம்’ என்பதற்குள் இரண்டு சங்கதி: ‘கம்’ என்ற வினை, இறந்தகாலம். வினை நகராது. காலம் மட்டும் முன்னால் வரவேண்டும். உற்சவர் தாமாக நடந்து வீதிக்கு வருவதில்லை, வாகனம் வேண்டும். காலத்துக்கு வாகனம் ‘டூ’. இறந்தகாலம் அதன்மேல் ஏறியதும் ‘டிட்’. பின்னால் மிஞ்சியது வெறும் ‘கம்’. ஆகவே ‘டிட் ஹீ கம்?’

‘ஷீ ஸிங்ஸ்’ என்பதைக் கேள்வியாக்கும்போது ‘ஸிங்ஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ எங்கே போயிற்று என்று தேடுபவர்கள் ‘டஸ்’ என்பதன் வாலைப் பார்க்கலாம். ‘டஸ் ஷீ ஸிங்?’ தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. மறுப்பிலும் இதே கதை. ‘நாட்’ என்பது வினைக்கும் காலத்துக்கும் நடுவில் வந்து நின்று ஒட்டவிடாமல் செய்கிறது, அந்தரத்தில் நிற்கும் காலத்தை ‘டூ’ ஏந்திக்கொள்கிறது. 1957இல் நோம் சாம்ஸ்கி தம் புகழ்பெற்ற ‘சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்’ நூலில் காலத்தை வினையிலிருந்து பிரித்துத் தனி உறுப்பாக வைத்து விளக்கியதும் இதைத்தான். ஒட்ட இடமில்லாமல் நிற்கும் விகுதியைத் தாங்க வருவது ‘டூ’ என்றார்.

இது வெள்ளைக்காரர் மூளைக்கு மட்டும் எட்டும் விஷயம் இல்லை. ‘கோபம் வருகிறது’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்திச் சொல்லவேண்டும், வினைக்குள் ஒரு ‘தான்’ போடவேண்டும். என்ன சொல்கிறோம்? ‘கோபம் வரத்தான் செய்கிறது.’ இந்த ‘செய்’ எங்கிருந்து வந்தது? கோபம் எதையும் செய்யவில்லை. ‘வா’ என்ற வினைக்கும் அதன் காலத்துக்கும் நடுவில் ‘தான்’ வந்து நின்றதும், காலமும் விகுதியும் தனியே தொங்குகின்றன. அவற்றை ஏந்த ‘செய்’ வருகிறது. மூல வினை ‘வர’ என்று காலம் உதிர்ந்து நிற்கிறது. நேற்றைய சங்கதி என்றால் ‘கோபம் வரத்தான் செய்தது’. ‘கோபம் வந்ததான் செய்தது’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொன்னது கிடையாது. ‘டிட் கேம்’ என்பது அச்சு அசலாக அந்த ‘வந்ததான் செய்தது’.

மறுப்பிலும் பாருங்கள். ‘போனான்’ என்பதன் மறுப்பு ‘போகவில்லை’. ‘இல்லை’ வந்ததும் ‘போனான்’ தன் காலத்தையும் விகுதியையும் கழற்றிவிட்டுப் ‘போக’ என்று நிற்கிறது. ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழ் ‘இல்லை’ ‘டிட்’ போலக் காலத்தை வெளிப்படையாகத் தாங்குவதில்லை என்ற வேறுபாடு உண்டுதான். ஆனால் மறுக்கும்போது மூல வினை மொட்டையாகிவிடும் என்ற பாடத்தை நம் பிள்ளைகள் மூன்று வயதிலேயே படித்து முடித்துவிட்டார்கள். ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் ‘வரத்தான் செய்தான்’, ‘வரவில்லை’ என்ற இரண்டையும் எழுதி, ஏன் ‘வந்தத்தான்’ என்று சொல்வதில்லை என்று வகுப்பைக் கேளுங்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் இது நடக்காது. மற்ற இடங்களில் நடக்கலாம்.

காரணம் புரிந்துவிட்டால், விதிவிலக்கு என்று தனித்தனியாக மனப்பாடம் பண்ணும் பலவும் தாமே அடங்கிவிடும். ‘இஸ்’, ‘கேன்’, ‘வில்’ முதலியவற்றுக்கு ‘டூ’ வேண்டாம். அவை இன்னும் நடமாடுகின்றன. ‘ஹேவ்’ இரண்டுங்கெட்டான். பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ் யூ எ பென்?’ என்று தானே முன்னால் வரும்; இன்று ‘டூ யூ ஹேவ்’ என்பதே பெருவழக்கு.

‘ஹூ கேம்?’ என்பதில் ‘டிட்’ ஏன் இல்லை என்பது இன்னொரு தீராத சந்தேகம். அங்கே ‘ஹூ’தான் எழுவாய். அதைத் தாண்டி எதுவும் முன்னால் போகவேண்டியதில்லை. காலம் தன் வினையோடு நிம்மதியாக இருக்கிறது. ‘ஹூ டிட் யூ ஸீ?’ என்பதில் எழுவாய் ‘யூ’. அதைத் தாண்டவேண்டும், ஆகவே ‘டிட்’. ஆங்கிலத்தில் இரண்டு ‘ஹூ’வும் ஒன்று போல இருந்து ஏமாற்றுகின்றன. தமிழில் ஏமாற வழியில்லை: யார் வந்தார், யாரைப் பார்த்தாய். மனத்துக்குள் தமிழில் கேட்டுப் பார்த்து, ‘யார்’ என்று மொட்டையாக வந்தால் ‘டூ’ வேண்டாம், ‘யாரை, யாருக்கு, யாரோடு’ என்று வேற்றுமை உருபு ஒட்டினால் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்பதற்கு ‘வாட் ஹேப்பன்ட்’ போதும் என்பதும் இதனால்தான்.

நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை.’ தமிழில் கேள்வியை அப்படியே தூக்கி ‘என்று’ போட்டு உள்ளே வைத்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் ‘ஐ டோன்ட் நோ வேர் டிட் ஹீ கோ’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கேள்வி உள்ளே போனதும் கேள்விக்குரிய இடமாற்றம் ரத்தாகிவிடும். ‘வேர் ஹீ வென்ட்’ என்பதே சரி.

சாதாரண வாக்கியத்திலிருந்து உதிர்ந்துபோன ‘டூ’ முழுவதுமாகச் சாகவில்லை. மறுத்துப் பேசுபவரிடம் அழுத்திச் சொல்லும்போது ‘ஐ டூ நோ’ என்று திரும்பி வருகிறது. ‘எனக்குத் தெரியத்தான் செய்யும்’. சட்டத்தின் நடையிலும் பழைய மிடுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் பிரமாணப் பத்திரங்களைப் புரட்டினால், மனுதாரர் ‘டூ ஹியர்பை’ உறுதி கூறுகிறார். நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் உள்ள ஆங்கில உறுதிமொழிகளில் அமைச்சரும் நீதிபதியும் ‘டூ ஸ்வேர்’ என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக முகப்புரை. 1949 நவம்பர் 26ஆம் நாள் என்று தேதியைச் சொன்னவுடன் அடுத்து வரும் முதன்மை வினை ‘டூ ஹியர்பை அடாப்ட்’. அந்த ‘டூ’வை எடுத்துவிட்டாலும் இலக்கணம் கெடாது. கம்பீரம் கெட்டுவிடும்.

‘செய்’ என்ற வினையைச் சுமை தாங்க வைப்பது ஆங்கிலத்தின் தனி உரிமை இல்லை என்பதற்கு நம் ‘பண்ணு’வே சாட்சி. ‘கேன்சல்’ என்ற பிறமொழி வினைமேல் தமிழ் விகுதி ஏறாது. ‘கேன்சலினான்’ என்று சொல்ல வாய் வராது. ஆகவே ‘கேன்சல் பண்ணினான்’. ஃபோன் பண்ணு, ட்ரை பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு எல்லாம் இப்படி வந்தவை. இந்திக்காரர் ‘கர்னா’ போடுகிறார், ஜப்பானியர் ‘சுரு’ போடுகிறார். தமிங்கிலம் என்று இதைத் திட்டுபவர்கள் திட்டவேண்டியது ‘கேன்சல்’லை; ‘ரத்து செய்’ என்று சொல்லும்போதும் அரபிச் சொல் ஒன்றைச் ‘செய்’யின் தோளில்தான் ஏற்றுகிறோம்.

‘டூ’வுக்கும் ‘மேக்’குக்கும் வேறுபாடு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: செயல் கண்ணில் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ‘டூ’, முடிவில் ஒரு பொருளோ விளைவோ மிஞ்சும் இடத்தில் ‘மேக்’. வீட்டுப்பாடத்தை ‘டூ’ பண்ணுகிறோம், தோசையை ‘மேக்’ பண்ணுகிறோம். இந்த வரையறைக்கு அடங்காதவை நிறைய. அவற்றைப் படித்துப் பழகத்தான் வேண்டும். ‘ஹவ் டூ யூ டூ?’ என்பதில் முதல் ‘டூ’ காலம் சுமக்க வந்தது, இரண்டாவதுதான் உண்மையான வினை. அதற்கு ‘எப்படி இருக்கிறாய்’ என்ற பொருள். என்ன தொழில் செய்கிறாய் என்ற விசாரணை அதில் கிடையாது. ‘தட் வில் டூ’ என்றால் ‘இது போதும்’.

கடைசியாக, நம்மை உலகம் முழுக்க அடையாளம் காட்டும் ‘இஸின்ட் இட்’. ‘நேற்று வந்தீர்கள், இல்லையா?’ தமிழில் எந்த வாக்கியத்தின் வாலிலும் ‘இல்லையா’ ஒட்டும். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் இதுபோல எல்லாவற்றுக்கும் பொருந்தும் வால் உண்டு. ஆங்கிலம் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அளவெடுத்து வால் தைக்கிறது. ‘யூ கேம்’ என்பதில் உள்ள காலத்தைப் பிரித்து எடுத்து, ‘டூ’வின் மேல் ஏற்றி, மறுப்பும் சேர்த்து, ‘டிடின்ட் யூ?’ ‘ஷீ ஸிங்ஸ்’ என்றால் ‘டஸின்ட் ஷீ?’ இவ்வளவு கணக்கையும் பேசும் வேகத்தில் போடவேண்டும். இந்தியப் பேச்சில் ‘இஸின்ட் இட்’ வேரூன்றிவிட்டது; நமக்குள் பேசும்போது அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை, அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். போட்டித் தேர்வும் நேர்காணலும் வேறு. அங்கே மதிப்பெண் ‘டிடின்ட் யூ’வுக்குத்தான். வாயில் படியும்வரை பத்து வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்; ஒரு வாரத்தில் வந்துவிடும்.